மூடிய கோப்பு கசியத்தான் செய்யும்

மக்கள் நம்பிக்கையை இழந்த ஆட்சியில்தான் கோப்புகள் கசிகின்றன. உள்ளே வேலை பார்ப்பவர் தம் மேலதிகாரியிடம் சொல்லிப் பார்க்கிறார். கேட்பார் இல்லை. எழுதி அனுப்புகிறார். பதில் இல்லை. பிறகு அதே தாளை ஒரு பத்திரிகையாளர் கையில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். ஆட்சியில் இருப்பவரோ தாளில் எழுதியிருப்பது மெய்யா என்று கேட்பதில்லை. கொடுத்தவன் யார் என்றுதான் கேட்கிறார். அமெரிக்க அதிபர் மாளிகை முதல் மதுரை ஆட்சியர் அலுவலகம் வரை நடந்தது இதுவே. தேவாரம் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் பொட்டிப்புரம் மலையடிவாரத்திலும் இதன் இன்னொரு வடிவம் நடந்தது.

முதலில் அமெரிக்கா. வியட்நாம் போரைப் பற்றி அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை சுமார் 7,000 பக்கத்தில் ரகசிய ஆய்வு ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தது. போரில் வெல்ல வழியில்லை என்று தெரிந்தும் அடுத்தடுத்து வந்த அரசுகள் மக்களிடம் வேறு கதை சொன்னதற்கு அதில் சான்று இருந்தது. அந்த ஆய்வில் பங்கெடுத்த டேனியல் எல்ஸ்பெர்க் அதை நகலெடுத்துப் பத்திரிகைக்குக் கொடுத்தார். 1971 ஜூன் 13 அன்று நியூயார்க் டைம்ஸ் வெளியிடத் தொடங்கியது. அரசு தடை கேட்டு நீதிமன்றம் போனது. ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் பத்திரிகைகள் பக்கம் நின்றது.

அந்த ஆவணங்கள் முந்தைய அதிபர்களின் குற்றத்தையே காட்டின. அப்போது அதிபராக இருந்த ரிச்சர்ட் நிக்சனைக் குற்றம் சாட்டவில்லை. ஆனாலும் நிக்சனின் ஆட்கள் கசிவை அடைக்கவென்று ஒரு ரகசியக் குழுவை அமைத்தார்கள். அதற்குப் பிளம்பர்கள் என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்தக் குழு எல்ஸ்பெர்க்கின் மனநல மருத்துவர் அலுவலகத்தை உடைத்துப் புகுந்தது. அதே ஆட்களில் சிலர் திட்டமிட்ட இன்னொரு வேலைதான் 1972 ஜூன் 17 அன்று வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் புகுந்தது. கசிவை அடைக்கப் போனவர்கள் திருட்டு வழக்கில் மாட்டினார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் நிக்சன் 50 மாநிலங்களில் 49-ஐ வென்றார் என்பதை மறந்துவிடக் கூடாது. அவ்வளவு பெரிய வெற்றி இரண்டு ஆண்டுகூட நிற்கவில்லை. வாஷிங்டன் போஸ்ட் செய்தியாளர்களுக்கு ரகசியமாகத் துப்புக் கொடுத்தவர் மார்க் ஃபெல்ட். அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யின் இரண்டாம் நிலை அதிகாரி. அவர் பெயர் 2005-இல்தான் உலகுக்குத் தெரிந்தது. அதிபரின் அறையில் பதிவான ஒலிநாடாக்களை ஒப்படைக்க உச்ச நீதிமன்றம் 1974 ஜூலையில் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் பதவி விலகினார். அப்போது அவரை ஏற்றுக்கொண்டவர்கள் காலப் கருத்துக் கணிப்பின்படி 24 விழுக்காடு.

பாடம் படித்தார்களா? 2018 செப்டம்பரில் டிரம்ப் நிர்வாகத்தின் உள்ளேயிருந்து ஓர் அதிகாரி, அதிபரின் போக்கை உள்ளிருந்தே தடுத்து வருகிறோம் என்று பெயரில்லாமல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அதிபரின் எதிர்வினைகளில் ஒன்று, தேசத்துரோகமா என்ற ஒற்றைச் சொல். எழுதியவர் மைல்ஸ் டெய்லர் என்று 2020-இல் அவரே வெளியே வந்து சொன்னார். இரண்டாம் முறை பதவிக்கு வந்த டிரம்ப், 2025 ஏப்ரலில் அவரை விசாரிக்க உத்தரவிட்டார். ஆள் மாறினாலும் கேள்வி மாறவில்லை: கொடுத்தவன் யார்?

இந்தியாவுக்கு வந்தால், 1986 மார்ச்சில் சுவீடனின் போஃபர்ஸ் நிறுவனத்திடம் 410 பீரங்கிகள் வாங்க ஒப்பந்தம் ஆனது. 1987 ஏப்ரல் 16 அன்று சுவீடன் வானொலி லஞ்சப் புகாரை வெளியிட்டது. ராஜீவ் காந்தி அரசு மறுத்தது. நாடாளுமன்றக் கூட்டுக்குழு ஒன்று அமைந்து, குற்றம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தது. அந்த நேரத்தில்தான் சித்ரா சுப்பிரமணியமும் என். ராமும் தி இந்து நாளிதழில் ஆவணங்களையே அச்சிட்டார்கள். ஆவணங்களைக் கொடுத்தவர் சுவீடனில் அந்த விசாரணையை நடத்திய காவல் அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம். 2012 வரை கால் நூற்றாண்டு அவர் பெயர் வெளியே வரவில்லை. ராஜீவ் காந்தி பணம் வாங்கியதற்குச் சான்று இல்லை, ஆனால் மூடி மறைக்கும் வேலை தடையின்றி நடந்தது என்றே அவர் அப்போது சொன்னார். 2004-இல் டெல்லி உயர் நீதிமன்றமும் ராஜீவ் மீதான லஞ்சக் குற்றச்சாட்டு நிற்காது என்றது.

அப்படியானால் 1984-இல் 400 இடங்களுக்கு மேல் வென்ற கட்சி 1989-இல் 197-க்கு இறங்கியதில் போஃபர்ஸுக்கு ஏன் அவ்வளவு பங்கு? மறைத்ததற்கான தண்டனை அது. 1988-இல் பத்திரிகைகளை மடக்க அவதூறு மசோதா கொண்டுவந்து, எதிர்ப்புக்குப் பயந்து திரும்பப் பெற்றதும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. தமிழ்நாடு அந்தத் தேர்தலில் பெருவாரியாகக் காங்கிரஸ் கூட்டணிக்கே வாக்களித்தது என்பதும் உண்மை; வடக்கே வீசிய காற்று வைகைக் கரைக்கு வரவில்லை.

கட்சி மாறிய பின்னும் பழக்கம் மாறவில்லை. 36 ரஃபேல் விமானங்கள் வாங்கும் பேச்சில் பிரதமர் அலுவலகம் தனியாகப் பேசுவது நம் நிலையைப் பலவீனமாக்குகிறது என்று பாதுகாப்பு அமைச்சக அதிகாரிகள் 2015-இல் குறிப்பு எழுதினார்கள். 2019 பிப்ரவரியில் அது தி இந்துவில் வந்தது. மார்ச் 6 அன்று அரசின் தலைமை வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில், ஆவணம் திருடப்பட்டது என்றார். பிறகு, நகல் எடுக்கப்பட்டது என்றார். ஆவணம் பொய் என்று மட்டும் சொல்லவில்லை. ஏப்ரல் 10 அன்று மூன்று நீதிபதிகளும் ஒரே குரலில் அரசின் ஆட்சேபத்தைத் தள்ளினார்கள். நவம்பரில் மறுஆய்வு மனுக்களும் தள்ளுபடியாயின. வழக்கில் அரசு வென்றது. ஆனாலும் அந்தக் குறிப்பை மக்கள் அரசின் வாயால் கேட்கவில்லை, பத்திரிகையில்தான் படித்தார்கள்.

டெல்லி கதை தூரம் என்று நினைப்பவர்களுக்கு மதுரை பக்கம். 2012 மே மாதம் மதுரை ஆட்சியர் உ. சகாயம், மேலூர் வட்டாரக் கிரானைட் குவாரிகளால் அரசுக்கு 16,338 கோடி ரூபாய் இழப்பு என்று மதிப்பிட்டு அறிக்கை அனுப்பினார். சில நாள்களில் அவர் கோ-ஆப்டெக்ஸுக்கு மாற்றப்பட்டார். அறிக்கை கோப்புக்குள் கிடந்தது. ஆகஸ்டில் அது பத்திரிகைகளுக்குக் கசிந்த பிறகுதான் குவாரிகளில் சோதனை தொடங்கியது. கசிந்திராவிட்டால் மேலூர் மலைகளின் கணக்கை யார் கேட்டிருப்பார்? 2014-இல் உயர் நீதிமன்றமே இதை விசாரிக்கச் சகாயத்தைச் சட்ட ஆணையராக அமர்த்தியது. குவாரிகளில் நரபலி கொடுத்தார்கள் என்ற புகாரில் சுடுகாட்டைத் தோண்ட வேண்டியிருந்தபோது, சான்று அழிந்துவிடக் கூடாது என்று அவர் இரவில் அங்கேயே தங்கினார். ஓர் அரசு அதிகாரி சான்றுக்குச் சுடுகாட்டில் காவல் இருக்க வேண்டிய நிலை எந்த ஆட்சிக்கும் பெருமை தராது.

காவலுக்கு ஆள் இல்லாதவர் கதி என்ன என்பதற்குச் சத்யேந்திர துபே சான்று. தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த ஊழலைப் பற்றி அந்தப் பொறியாளர் 2002-இல் பிரதமருக்கு எழுதினார். பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு மேசை மேசையாகப் போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் சாவுக்குப் பிறகு எழுந்த குரலால் 2014-இல் நாடாளுமன்றம் தகவல் வெளியிடுவோர் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் கையெழுத்தும் ஆனது. நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை மட்டும் வரவில்லை. வெள்ளைக்காரன் 1923-இல் போட்ட அலுவலக ரகசியச் சட்டமோ நூறு வயதைத் தாண்டியும் உயிரோடு இருக்கிறது.

இந்த வரலாறு தேவாரத்துக்கு எப்படிப் பொருந்தும் என்பதைப் பொட்டிப்புரம் சொல்லும். அம்பரப்பர் மலையைச் சுமார் 2 கிலோமீட்டர் குடைந்து, 50,000 டன் காந்த இரும்புக் கருவி வைத்து, நியூட்ரினோ துகளை ஆராயும் திட்டம் அது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. மதிகெட்டான்சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பதைக் கணக்கில் எடுக்காமல் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியைப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 மார்ச்சில் நிறுத்திவைத்தது. சுமார் ஓராண்டில் சிறப்பு நேர்வு என்று சொல்லி, கட்டுமானத் திட்டம் என்ற வகையில் மீண்டும் அனுமதி தந்தார்கள். 2018 நவம்பரில் தீர்ப்பாயம் அதை ஏற்றாலும் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்றது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, புலிகள் நடமாடும் வழித்தடம், நீர்ப்பிடிப்பு ஆகியவற்றைக் காட்டி அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

இங்கே ஆவணம் கசியவில்லை. அதனால் வதந்தி கிளம்பியது. கதிர்வீச்சு வரும், அணுக்கழிவைக் கொட்டுவார்கள் என்ற பேச்சு டீக்கடைகளில் ஓடியது. நியூட்ரினோ ஒவ்வொரு நொடியும் எல்லார் உடம்பிலும் புகுந்து போகும் தீங்கில்லாத துகள். அந்தப் பயம் தவறு. ஆனால் பாறை வெட்டும் வெடி, தண்ணீர்த் தேவை, கல் குவியும் இடம், காட்டு வழி பற்றிய கேள்விகள் தவறல்ல. அவற்றுக்கான பதில் ஆங்கில அறிக்கைக்குள் இருந்தது. காட்டிலும் மேட்டிலும் கூலிக்குப் போகிறவர் கைக்குத் தமிழில் முன்கூட்டியே வரவில்லை. தேவாரத்திலிருந்து மலைமேல் இருக்கும் சாக்கலூத்து மெட்டுக்குச் சாலை கேட்டு ஒரு தலைமுறை ஓய்ந்துவிட்டது. அதற்குக் குறுக்கே நின்றது வனச் சட்டம். பக்கத்து மலையைக் குடைவதற்கு மட்டும் சிறப்பு நேர்வு என்றால், அரசின் சொல்லை எந்த ஊர் நம்பும்?

போடி ஏலத்தில் ஏலக்காய் மாதிரியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எந்த வியாபாரியும் விலை கேட்பதில்லை. அரசு மட்டும் மாதிரி காட்டாமல் நம்பிக்கை கேட்கிறது.

எல்லாவற்றையும் திறந்துவிட்டால் நாட்டுப் பாதுகாப்பு என்ன ஆகும் என்பார்கள். படை நகரும் இடமும் ஆயுதத்தின் நுட்பமும் ரகசியமாக இருக்கட்டும். தரகுக் கணக்கும் அதிகாரியின் ஆட்சேபக் குறிப்பும் சுற்றுச்சூழல் அறிக்கையும் ராணுவ ரகசியம் அல்ல. கசியவிடுபவருக்குச் சொந்த நோக்கம் இருக்கும் என்பார்கள். இருக்கலாம், தலைமைப் பதவி கிடைக்காத மனத்தாங்கல் மார்க் ஃபெல்டுக்கும் இருந்தது என்பார் உண்டு. கொடுத்தவர் மனது எப்படி இருந்தாலும் தாளில் இருந்த கணக்கு சரியாகவே இருந்தது.

வழி தெரியாத நிலையில் நாடு இல்லை. 1997-இலேயே தகவல் உரிமைச் சட்டம் இயற்றி மற்ற மாநிலங்களுக்கு முன்னே நின்றது தமிழ்நாடு. 2005-இல் வந்த நாடு தழுவிய சட்டம், பொதுநலன் பெரிதானால் ரகசியச் சட்டத்தையும் மீறித் தகவல் தரலாம் என்கிறது. அந்தச் சட்டத்தைத் தனிநபர் விவரம் என்ற பெயரில் குறுக்கும் திருத்தம் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. திறந்த கதவை மெல்லச் சாத்தும் வேலை அது.

ஆகவே, அவையோரே, கோரிக்கைகள் மூன்று. 2014-ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டத்தை மத்திய அரசு உடனே நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். 1923-ஆம் ஆண்டு ரகசியச் சட்டத்தைப் படை ரகசியத்தோடு நிறுத்த வேண்டும். மலையைத் தொடும் எந்தத் திட்டத்தின் அறிக்கையும் முழுதாகத் தமிழில் அந்தந்த ஊராட்சியில் வைக்கப்பட்ட பிறகே கருத்துக் கேட்பு நடக்க வேண்டும். இவற்றைத் தீர்மானமாக எழுதி வரும் கிராம சபையில் வையுங்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். முப்பது நாளில் பதில் தர அரசு சட்டப்படி கடமைப்பட்டிருக்கிறது.