கவலை மிகுந்த நாளில் கைக்கெட்டும் புத்தகம்

(தோட்ட மக்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரை பிடித்து, மரம் மரமாகப் பால் வெட்டித் திரும்பும் நமக்கு உடற்களைப்பு புதிதன்று. ஓரிரவு உறங்கினால் அது தீர்ந்துவிடும். உறங்கவே விடாத களைப்பு ஒன்றுண்டு. அதனைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். மழை பெய்து பட்டை நனைந்தால் வெட்டில்லை. மரம் இலையுதிர்க்கும் மாதங்களில் பால் சுருங்குகிறது. இரப்பரின் விலையோ எங்கோ ஒரு சந்தையில் முடிவாகிறது. தோட்டம் கைமாறும், செம்பனை நடுவார்கள், வீட்டைக் காலி செய்ய நேரும் என்னும் பேச்சு வேறு. இவற்றுள் ஒன்றேனும் நம் விருப்பத்தைக் கேட்டு நடப்பதில்லை. மனம் நலிவதற்குப் பெருங்காரணம் இதுவே என்று கருதுகிறோம்.

அந்நிலையில் சிலர் கள்ளுக்கடையை நாடுகின்றனர். சிலர் நம்பர் கடையை நாடுகின்றனர். அவர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. துன்பத்தை இறக்கி வைக்க ஓரிடம் வேண்டியிருக்கிறது. அந்த இடங்களில் இறக்கிய சுமை மறுநாள் வட்டியோடு திரும்பி வருகிறது என்பதை மட்டும் சொல்லி, மேலே செல்கிறோம்.

புத்தகம் வாங்குவதில் உள்ள ஆறுதல் படிப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. சம்பளம் வாங்கிய வாரத்தில் பட்டணத்துக் கடையில் நின்று, ஒன்றை எடுத்து, முதற்பக்கத்தைப் புரட்டி, விலையைப் பார்த்து, வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கிறோமே, அந்த அரைமணி நேரமும் தேர்வு முழுக்க முழுக்க நம்முடையது. மழையும் விலையும் அதில் தலையிடுவதில்லை. ஓர் ஆசிரியரின் நூல்களில் மூன்று கிடைத்து நான்காவது கிடைக்காமலிருந்தால், அடுத்த மாதத்தை எதிர்நோக்க ஒரு காரணமும் உண்டாகிறது. கடன் தவணைக்காக மட்டுமே மாதத்தை எண்ணுகிறவனுக்கு இது சிறிய செய்தியன்று.

நூலகத்தில் இரவல் பெறுவது நல்ல பழக்கமே. அதனைக் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் நள்ளிரவு இரண்டு மணிக்குக் கவலை வந்து எழுப்பினால் எந்த நூலகம் திறந்திருக்கும்? சொந்தப் புத்தகம் தலைமாட்டிலேயே இருக்கும். மேலும், லயத்து வீடுகளில் சுவர் மெல்லியது; ஒரு வீட்டில் சொன்ன துயரம் பொழுது விடிவதற்குள் பத்து வீடுகளுக்குப் போய்ச் சேரும். புத்தகத்திடம் அந்த அச்சம் இல்லை.

எத்தகைய புத்தகம் என்று கேட்பீர்கள். சிரிக்க வைப்பதுதான் ஆறுதல் தரும் என்பதில்லை. சயாம் மரண இரயில் பாதை 1942, 1943ஆம் ஆண்டுகளில் போடப்பட்டபோது நம் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டோர் பட்ட பாட்டை ஆர். சண்முகம், அ. ரெங்கசாமி ஆகிய நம் நாட்டு எழுத்தாளர்கள் நாவல்களாக எழுதியுள்ளனர். தாத்தா வாய்திறந்து சொல்லாமற் போனதை அங்கே படிக்கும்போது கண் கலங்கும். இவ்வளவையும் தாங்கியவர்களின் வழிவந்தோம் என்னும் உணர்வும் உடன் எழும். அகிலன் எழுதிய 'பால்மரக் காட்டினிலே' நாவலில் நம் தோட்ட வாழ்க்கையே இருக்கிறது. அறிவுரை வேண்டுவோருக்கு மு. வரதராசனாரின் கடித நூல்கள் உள்ளன. எழுத்துக்கூட்டிப் படிப்போருக்கென்றே பெரிய எழுத்தில் அச்சிட்ட விக்கிரமாதித்தன் கதை முதலியன இருந்தன. ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்து கேட்கும் வழக்கத்திற்கு அவை ஏற்றவை. படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புத்தகம் பயன்படும் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

சேர்ப்பது செல்வர்களின் வேலை என்று எண்ண வேண்டா. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகங்களைத் தேடித் தேடி வாங்கினார். பிறர் குப்பையென ஒதுக்கிய நாடக நோட்டீசையும் விடவில்லை. அவர் 1992இல் மறைந்தபின், அந்தச் சேகரிப்பே 1994இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகத்திற்கு அடித்தளமாயிற்று. நாம் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இருபது புத்தகங்கள் போதும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வாங்கி அடுக்கிவிட்டுப் படிக்காமலே இருப்பதற்குச் சப்பானியர் 'சுண்டொக்கு' என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள், அது பெருங்குற்றமன்று. ஆனால் அரிசிப் பணத்தில் புத்தகம் வாங்கினால் ஆறுதலுக்குப் பதில் சண்டைதான் வரும். வாசலுக்கு வந்து தவணையில் தடித்த தொகுதிகளை விற்போரிடம் அவசரப்பட்டுக் கையெழுத்திடலாகாது. பல வாரங்களாக உறக்கமும் உணவும் வேலையும் பிடிக்காமல், உயிரே வெறுத்தாற்போல் ஒருவர் பேசினால், அவரிடம் புத்தகத்தை நீட்டிவிட்டு வந்துவிடாதீர்கள்; உடனிருந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பத்துக் குடும்பங்கள் ஆளுக்கொரு புத்தகமாக, ஒன்று போல் மற்றொன்று இல்லாதவாறு வாங்கி மாற்றிக்கொண்டால், ஒன்றின் விலையில் பத்தைப் படிக்கலாம். உட்பக்கத்தில் உரியவர் பெயரை எழுதிவிடுவது நட்பைக் காக்கும். தரையோடு சேர்த்து வைத்தால் கறையான் அரிக்கும். ஈரச் சுவரில் சாய்த்தால் பூஞ்சணம் பிடிக்கும். பழைய பிஸ்கட் தகரத்தில் உலர்ந்த வேப்பிலையுடன் இட்டு, வெயில் நாளில் திறந்து காற்றாட விடுங்கள்.

பட்டணம் போகிறவரிடம் பட்டியல் கொடுத்தனுப்புவோர் புத்தகத்தின் பெயரோடு ஆசிரியர் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். ஒரே பெயரில் வேறொரு புத்தகம் வந்து சேர்வதுண்டு.