கூட்டத்துள் தனியாட்டம்



சடுகுடுவைத் தனியொருவன் ஆடினான் என்று யாரேனும் சொன்னால் நீங்கள் நகைப்பீர்கள். ஆனால் பலர் கூடி ஆடுவதற்கென்றே அமைந்த இணையவழி விளையாட்டுகளைத் தன்னந்தனியே ஆடுவோர் உலகெங்கும் உள்ளனர். அவர்களைப் பற்றிச் சில சொற்கள் கூறுவதே இன்று என் கருத்து.

அவ்விளையாட்டின் இயல்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பல்லாயிரவர் தத்தம் வீட்டிலிருந்தபடியே கணிப்பொறியின் வாயிலாக ஒரே கற்பனை நாட்டினுள் புகுகின்றனர். ஒருவர் வீரராகவும், ஒருவர் மருத்துவராகவும், ஒருவர் மந்திரவாதியாகவும் வேடம் புனைந்துகொள்கின்றனர். அந்நாட்டில் கடைவீதி உண்டு, காடு உண்டு, பகைவர் உண்டு. தொடர்ந்து செல்லும் ஒரு நெடுங்கதையும் உண்டு. 1978ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்னும் மாணவர் தொடங்க, ரிச்சர்டு பார்ட்டில் என்னும் மற்றொரு மாணவர் வளர்த்த விளையாட்டு இவற்றின் மூதாதை. அதில் படமே இல்லை, எல்லாம் எழுத்துதான். அதே பார்ட்டில் 1996இல் ஆட்டக்காரரை நான்கு வகையாகப் பிரித்தார்: வெற்றிகளைச் சேர்ப்போர், சுற்றித் திரிந்து புதியன காண்போர், உரையாட வருவோர், பிறரை வீழ்த்த வருவோர். கதை கேட்க மட்டுமே வருபவனுக்கு அந்தப் பட்டியலில் தனி இடம் இல்லை. அக்காலத்து விளையாட்டுகளில் கதை மெலிவாக இருந்ததே அதற்குக் காரணம் என்பது என் எண்ணம்.

நான் வாழும் கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அங்குள்ள தொழிற்சாலை ஒன்றில் என் பழைய மாணவன் ஒருவன் பணியாற்றுகிறான். ஒரு வாரம் காலை ஷிப்டு, மறுவாரம் இரவு ஷிப்டு. ஓய்வு கிடைத்தால் இந்த விளையாட்டில் அமர்ந்துவிடுகிறான். அவன் தாயார் ஒருநாள் என்னிடம் வந்து, "ஐயா, யாரோடும் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறான், நீங்கள் சொன்னால் கேட்பான்" என்று வருந்தினார். கண்டிக்குமுன் கண்டறிய வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் நான் கற்ற முதற் பாடம். ஆகவே ஒரு விடுமுறை நாளில் அவன் அருகில் சென்று அமர்ந்தேன்.

அவன் ஆடுவது ஜப்பானியர் படைத்த 'ஃபைனல் ஃபேண்டசி 14'. 2010இல் வெளிவந்து தோல்வியுற்று, 2013இல் புதிதாக ஆக்கப்பட்ட விளையாட்டு அது. கதையின் சில கட்டங்களில் நால்வர் கூடி ஒரு குகைக்குள் செல்லல் வேண்டும். அடிகளைத் தாங்க ஒருவர், காயங்களை ஆற்ற ஒருவர், தாக்க இருவர். 2022 ஏப்ரல் முதல், மனிதத் துணை வேண்டாதவனுக்கு விளையாட்டே இயக்கும் கதைமாந்தரைத் துணையாகத் தரும் வழக்கம் விரிவாக்கப்பட்டது. எண்மர் கூட வேண்டிய சில போர்களுக்கு அப்போதும் மனிதரே தேவைப்பட்டனர். அவன் ஆடுவதோ கட்டணமில்லாத பகுதி. அதில் குழு அமைக்கும் உரிமை ஆட்டக்காரனுக்குக் கிடையாது; பிறர் அமைத்த குழுவில் வேண்டுமானால் சேரலாம்.

"பிறரோடு சேர்ந்து ஆடினால் என்ன?" என்று வினவினேன். அவன் கூறிய காரணங்களுள் இரண்டு உடனே விளங்கின. வாரந்தோறும் மாறும் ஷிப்டுக்காரன் ஒரு குறித்த நேரத்துக்கு வருவதாக யாருக்கும் வாக்களிக்க இயலாது. மேலும், அவ்விளையாட்டின் கணிப்பொறி நிலையங்கள் ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் உள்ளன. அத்துணைத் தொலைவிலிருந்து கட்டளை சென்று மீளச் சற்றுத் தாமதமாகின்றது. குழுவில் இருந்தால் அந்தத் தாமதத்தால் மற்ற மூவரும் துன்புறுவர்; தனியே ஆடினால் இழப்பு தன்னோடு போகும் என்றான்.

மூன்றாவது காரணமே என்னைச் சிந்திக்க வைத்தது. "மற்றவர்கள் கதையை முன்பே பார்த்தவர்கள், ஐயா. நான் ஒவ்வொரு வரியாகப் படிக்கும்போது, 'தள்ளு, தள்ளு' என்கிறார்கள்" என்றான். நூலகத்தில் நாம் படிக்கும் நூலை, முன்பே படித்த ஒருவர் தோளுக்குப் பின் நின்று பக்கம் புரட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? அதிலும் இவன் அகராதியை அருகில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் படிக்கிறவன்.

அப்படியாயின், ஒருவரே ஆடும் கதை விளையாட்டை நாடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அத்தகையவை பல உள்ளன. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையலையும் பிரிவையும் சொல்லும் 'வெண்பா' 2023இல் டொராண்டோவிலிருந்து வந்து, 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதும் பெற்றது. நம் மாணவர் அதையும் அறிந்திருத்தல் நன்று. ஆனால் என் மாணவன் அதற்கு ஒரு மறுமொழி வைத்திருந்தான்.

அவன் ஆடும் கதையில் ஓரிடம். கதைத்தலைவனின் உயிரைக் காக்க நண்பன் ஒருவன் குறுக்கே பாய்ந்து தன் உயிரை விடுகிறான். பனி படர்ந்த மேட்டில் அவனுக்கு ஒரு நினைவுக்கல் நிற்கிறது. என் மாணவன் என்னை அங்கு அழைத்துச் சென்று காட்டினான். வேறு நாட்டவர் இருவர் அங்கே அசையாமல் நின்றிருந்தனர். எவரும் எவரோடும் பேசவில்லை. ஒவ்வொருவரும் அக்கதையைத் தாமே தலைவராக இருந்து நடத்தியவர்கள். அந்த நண்பன் ஒவ்வொருவருக்காகவும் தனித்தனியே ஒருமுறை இறந்திருக்கிறான். தனியே கேட்ட கதையைப் பிறரும் கேட்டிருக்கிறார்கள் என்று அறிகின்ற இடம் அது. ஒருவரே ஆடும் விளையாட்டினுள் அந்தக் கல் இருக்கலாம். அந்த இருவர் இருக்க மாட்டார்கள்.

நம் வடபகுதி ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும்போது, துண்டை விரித்து ஓரமாகத் தனியே அமர்ந்திருப்பவரைப் பார்த்திருப்பீர்கள். விடியும்வரை பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு சொல் பேசார். ஆயினும் திடலில் வேறு ஆளே இல்லையென்றால் அவர் அமர மாட்டார். 2006ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் விளையாட்டை ஆராய்ந்து, அதில் பெரும்பாலோர் நெடுநேரம் தனித்தே ஆடுகின்றனர், பிறர் அவர்களுக்குத் தோழர் என்பதைவிடப் பார்வையாளராகவும் காட்சியாகவும் அமைகின்றனர் என்று எழுதினர். கூத்துத் திடலை அறிந்த நமக்கு அதில் வியப்பில்லை.

இனி, தாயாரின் அச்சத்துக்கு வருகிறேன். அது வெற்றச்சம் அன்று. கதை முடிந்த பின்னும் 'நாளையும் வா' என்று சிறு பரிசுகளைக் காட்டி அழைக்கும் வேலைகள் இவ்விளையாட்டுகளில் நிறைய உண்டு. அவை கதையைச் சேர்ந்தவை அல்ல. கடைக்காரன் தரும் கொசுறைப் போன்றவை. அவற்றுக்காக உறக்கத்தை இழப்பவன் இரவு ஷிப்டில் இயந்திரத்தின் முன் நிற்கத் தகாதவன் என்று அவனிடம் கடிந்தே கூறினேன். பணம் வைத்து ஆடும் இணையச் சூதாட்டம் வேறு. அதை 2025இல் நாடாளுமன்றம் சட்டத்தால் தடுத்துவிட்டது.

தாயாரிடம் நான் சொன்னது இது. தேநீர் இடைவேளையில் ஒடிசா மாநிலத்துத் தோழன் ஒருவனுக்கு அரைகுறை இந்தியில் அவன் இக்கதையைச் சொல்லி வருகிறானாம். அந்தத் தோழனும் தன் ஊர்க் கதைகளைச் சொல்கிறானாம். "கதையில் நேற்று என்ன நடந்தது என்று நீங்களே கேளுங்கள், அம்மா. சொல்லத் தெரியாமல் விழித்தால் என்னிடம் வாருங்கள்" என்றேன்.

அவனுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அலமாரியில் இருக்கும் நூல் நம்முடையது. இக்கதையோ நிறுவனத்தின் கணிப்பொறியில் இருக்கிறது. அவர்கள் விளக்கை அணைத்தால் போய்விடும். 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' 2012 நவம்பர் 30இல் அவ்வாறு மூடப்பட்டது. அன்பர்கள் தாமே நடத்திய நிலையத்துக்கு உரிமம் கிடைத்தது 2024 ஜனவரியில்தான். 2024 மார்ச்சில் மூடப்பட்ட 'தி க்ரூ' என்னும் கார்ப் பந்தய விளையாட்டிலோ, ஒருவரே ஆடும் கதைப்பகுதியும் கூடவே அடைபட்டது.

இதைக் கேட்டபின் அவன் கோடிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கி, கதையைத் தமிழில் எழுதி வருகிறான். சென்ற வாரம் ஓர் ஐயத்தோடு வந்தான். அக்கதையில் எல்லா உயிர்களினூடும் ஓடும் ஆற்றலுக்கு 'ஈதர்' என்று பெயர். நான் 'விசும்பு' என்று எழுதச் சொன்னேன். "அது வானத்தில் மட்டும் இருப்பதன்று, ஐயா, மண்ணுக்கடியிலும் ஓடுகிறது" என்று மறுத்தான். 'உயிரோட்டம்' என்றேன். அதுவும் அவனுக்கு நிறைவாக இல்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டு மேலே எழுதிக்கொண்டிருக்கிறான்.