வீட்டுக் காவலுக்கு எந்த நாய்?



கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதியிலே, ஓமந்தையைக் கடந்து வடக்கே செல்வோர் புளியங்குளச் சந்தியைக் காண்பர். அச்சந்தியிலிருந்து நெடுங்கேணிக்கு ஒரு வீதி பிரிந்து செல்கின்றது. வீதியோரக் கடைகளை விட்டு உள்ளே சென்றால் வயலும் குளமும் காடும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். வீடுகள் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும், நள்ளிரவில் கூப்பிட்டவுடன் ஓடிவரும் தூரத்தில் இல்லை. 1997ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய ‘ஜயசிக்குறு’ படை நடவடிக்கையின்போது இவ்வூர் பல மாதங்கள் போர்க்களமாய்க் கிடந்தது. மக்கள் ஓடினர், ஓடியவர்கள் பெட்டி படுக்கைகளையே ஏற்ற முடியாத நிலையில் நாய்களை ஏற்றிச் செல்லவில்லை. 2009இல் போர் முடிந்த பின்னர் குடும்பங்கள் மீண்டும் வந்து குடியேறின. 1990இல் நின்றுபோன புகையிரதம் 2013ஆம் ஆண்டு செப்டெம்பரில் கிளிநொச்சி வரையில் மறுபடியும் ஓடத் தொடங்கியது. திரும்பி வந்தவர்கள் கிணற்றை இறைத்தார்கள், வேலி அடைத்தார்கள், படலை போட்டார்கள். அதன்பின் அவர்கள் தேடியது ஒரு நாய்.

இத்தகைய வளவொன்றை மனத்தில் வைத்துக்கொள்வோம். வன்னியிலே போருக்குப் பின்னர் கணவரின்றிக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் தாய்மார் பலர். அவர்களுள் ஒருத்தி. பிள்ளைகள் மூவர், கடைக்குட்டிக்கு நாலு வயது. வீட்டில் கண் மங்கிய பாட்டி ஒருத்தி. வளவின் பின்புறம் மரவள்ளியும் கச்சானும். அதற்கப்பால் பற்றைக்காடு. இரவில் வேலியோரம் ஏதோ சரசரத்தால் அது பன்றியா, மாடா, மனிதனா என்று விளங்காமல் விடியும்வரை விளக்கை அணைக்காமல் இருப்பவள் அவள். கொழும்பிலிருக்கும் அவளுடைய தமையன் தொலைபேசியில், “தங்கச்சி, நல்ல றொட்வைலர் குட்டி ஒன்று இருக்கிறது. அனுப்பிவிடட்டுமோ? ஒருத்தரும் படலையடிக்கு வரமாட்டார்கள்” என்கிறான். அன்பினாலே சொல்கிறான். ஆயினும் அந்தக் குட்டியை அவள் ஏற்கலாமா என்பது எளிதிலே விடை கூறத்தக்க வினா அன்று.

முதலில் ஆராய வேண்டியது, காவல் என்பது எதற்கு என்பதே. கள்வனுக்கு என்றால் குரைப்பு ஒன்றே பெரும்பாலும் போதுமானது. இருட்டில் வருபவன் வேண்டுவது அமைதி. அதை நாய் கெடுத்துவிட்டால் அவன் வேறு வளவைப் பார்ப்பான். குரங்குக்கும் மயிலுக்கும் ஓடித் துரத்தும் நாய் வேண்டும். பன்றிக்கு நாய் குரைத்தால் போதும். எதிர்த்து நின்றால் கடைவாய்க் கொம்பினாலே வயிறு கிழியும். சிறுத்தைக்கோ நாயே இரை. யானையின் காரியம் முற்றிலும் வேறு. யானையைக் கண்டு குரைத்து அதைச் சினமூட்டிய நாய், யானை திரும்பியவுடன் வாலைக் காலிடையே வைத்துக்கொண்டு நேரே தன் எசமானிடமே ஓடிவரும். யானையும் பின்னே வரும். ஆகவே யானை நடமாடும் பருவத்தில் இரவிலே நாயைக் கூட்டிக்கொண்டு வயற்காவலுக்குப் போதல் அறிவுடைமை ஆகாது. யானைக்கு வெடியும் வேலியுமே வழி.

ஆக, புளியங்குளத்துத் தாய்க்கு வேண்டியது கடிக்கும் நாய் அன்று; அறிவிக்கும் நாய். இவ்வேறுபாட்டை உணராமையே பலர் பெரிய சாதி நாய்களை நாடுவதற்குக் காரணம்.

அப்பெரிய சாதிகளின் வரலாறு சுவையானது. நம் நாட்டில் ‘அல்சேஷன்’ என்று வழங்கும் நாய், ஜேர்மனியிலே ஆட்டு மந்தைகளைக் காத்த நாய். மாக்ஸ் வொன் ஸ்டெபானிற்ஸ் என்னும் படை அதிகாரி 1899இல் அவற்றுள் ஒன்றை வாங்கி, அதையே முதலாகக் கொண்டு ஒரு சங்கத்தையும் வமிசப் பதிவேட்டையும் நிறுவினார். முதலாம் உலகப் போரை ஒட்டி ஜேர்மன் என்ற பெயரையே வெறுத்த ஆங்கிலேயர் அந்நாய்க்கு ‘அல்சேஷன்’ என்று வேறு பெயர் சூட்டினர். பிரித்தானிய நாய்ச் சங்கம் பழைய பெயரை மீண்டும் ஏற்றது 1977இலேதான். மனிதருடைய சண்டையில் நாயின் பெயரும் அகப்பட்டுக்கொள்கிறது! டோபர்மன் என்பது அப்போல்டா என்னும் ஊரில் வரி அறவிட்டு வந்த ஒருவர், தமது வழித்துணைக்காக உருவாக்கத் தொடங்கியது. அவருடைய பெயரே அதற்கு நிலைத்தது. றொட்வைல் என்னும் பட்டினத்து இறைச்சிக்காரர்களின் மாடுகளை ஓட்டியும் வண்டி இழுத்தும் வந்தது றொட்வைலர்.

இவை யாவும் குளிர்நாட்டுத் தொழில் நாய்கள். இவற்றின் அறிவிலோ விசுவாசத்திலோ குறை காண்பதற்கில்லை. பொலிசாரும் படையினரும் இவற்றை விரும்புவதற்குத் தக்க காரணம் உண்டு. ஆனால், அங்கே நாயொன்றைப் பழக்குவதற்கென்றே ஓர் ஆள் நாள்தோறும் நிற்கின்றான். ஐம்பது கிலோவுக்கு மேலும் வளரக்கூடிய ஆண் றொட்வைலர் ஒன்றை அந்தத் தாயோ அவளுடைய பத்து வயது மகனோ சங்கிலியில் பிடித்து நிறுத்த முடியுமா? தபாற்காரர் படலையடியில் நிற்கும்போது அது பாய்ந்தால், இழுபடுவது சங்கிலி மட்டும் அன்று. தீனியும் எண்ணிப் பார்க்க வேண்டியதே. சோறும் கருவாட்டுத் தலையும் கொடுத்து அந்த உடம்பை வளர்க்க இயலாது. இவற்றுக்கெல்லாம் மேலாக வெயில் இருக்கின்றது. நாய்க்கு மனிதரைப்போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இளைத்தே அது தன் சூட்டைத் தணிக்கின்றது. மழை முடிந்து குளம் வற்றும் ஆடி, ஆவணி மாதங்களில், தகரக் கூரையின் கீழே அடர்ந்த மயிருடைய அல்சேஷன் படும் பாட்டைக் கண்டவர் மறக்கமாட்டார். உண்ணியினாலே பரவும் காய்ச்சல் வேறு. ஊர் நாய்களுட் பல அதைத் தாங்கிக்கொண்டு நடமாட, வந்த சாதி நாயோ சிறுநீர் சிவந்து, முரசு வெளிறி, சில நாளிலே விழுந்துவிடுவதுண்டு.

அப்படியாயின் நம் வெயிலிலே பிறந்த காவல் நாய்களே இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். தமிழ்நாட்டிலே உண்டு. தேனி மாவட்டத்துக் கோம்பை நாய் செந்நிறமும் கறுத்த முகமும் உடையது. பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பெயர் பெற்றது. ராஜபாளையம் நாய் வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையது. இந்திய அஞ்சல் துறை 2005இல் வெளியிட்ட நாய் முத்திரைகளுள் ஒன்றில் அதுவும் இடம்பெற்றது. சிப்பிப்பாறை நாய் மெலிந்து நீண்டு ஓட்டத்துக்கென்றே அமைந்தது; முயலுக்கு அது நல்லது, படலைக்கு அவ்வளவு அன்று. ஆனால், கடல் கடந்து நாயைக் கொண்டுவருவதற்கு அனுமதிப் பத்திரமும் வைத்தியச் சான்றும் வேண்டும். அதனாலே, இங்கே ராஜபாளையம் என்று கூறி விற்க வருபவரிடம் தாய் தந்தை நாய்களை முதலில் கேட்க வேண்டும். வெள்ளை நாயெல்லாம் ராஜபாளையம் ஆகா. அச்சாதியிலேயும் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதுண்டு. குட்டி அறியாமற் பின்னே நின்று கைதட்டிப் பார்த்தல் நன்று. செவிடான காவல் நாய் எவருக்கும் பயன்படாது.

தமிழர் நாயின் காவலை மதித்தமைக்கு ஒரு கல்லே சான்றாக நிற்கின்றது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், ஏழாம் நூற்றாண்டிலே, முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் நடப்பட்ட நடுகல் அது. மாடுபிடிச் சண்டையிலே பட்ட வீரன் ஒருவனுக்கு எடுத்த அக்கல்லில் அவனருகே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கின்றது. நாயின் பெயர் கோவிவன். இரு கள்வரைக் கடித்துத் தன் தலைவன் பக்கத்தில் அது காத்து நின்ற செய்தியைக் கல்வெட்டு கூறுகின்றது. அரசர்களின் பெயர்களே மறைந்துபோன உலகத்தில் ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் தங்கியிருப்பது வியப்பன்றோ? அக்கோவிவன் எந்தச் சாதி என்று கல் கூறவில்லை. எழுதியவனுக்கு அது தேவைப்படவும் இல்லை.

இனி, புளியங்குளத்திலேயே கிடைக்கும் ஊர் நாயைப் பார்ப்போம். பதிவேடும் பட்டயமும் இல்லாத நாய் அது. குறுகிய மயிர், விறைத்த காது, எடை பெரும்பாலும் இருபது கிலோவுக்கு உட்பட்டது. வேடிக்கை என்னவெனில், சாதி நாய்க்குத் தமிழ்ப் பெயர் வைக்க விரும்புவோரும் ஊர் நாய்க்கு ‘ஜிம்மி’ என்றும் ‘ரைகர்’ என்றுமே பெயர் வைப்பர். அந்த ஜிம்மி தலைமுறை தலைமுறையாய் இவ்வெயிலிலும் மாரியிலும் தப்பிப் பிழைத்தவற்றின் பிள்ளை. வீட்டில் எஞ்சியதைத் தின்று வளரும். அயலவரின் காலடியையும் அந்நியரின் காலடியையும் ஒலியாலேயே பிரித்தறியும். கிணற்றடியில் பாம்பு கிடந்தால் வழக்கமான குரைப்பை விட்டு வேறொரு குரலிலே குரைக்கும். வன்னியில் அந்தக் குரலை அறியாத தாய் இல்லை. நாலு வயதுக் குழந்தை தடுக்கி அதன்மேல் விழுந்தாலும் ஏற்படக்கூடிய கேடு ஐம்பது கிலோ நாயினால் ஏற்படக்கூடியதிலும் குறைவு. எனவே அந்தத் தாய்க்கு உரியது ஊர் நாய்க் குட்டியே. தமையன் மனம் நோகாதபடி இதனைச் சொல்வது அவள் பாடு.

எனினும் ஊர் நாய் என்பதற்காகச் சந்தியிலே கிடந்த எதையும் தூக்கி வரலாகாது. குட்டியைப் பார்க்குமுன் தாயைப் பார்க்க வேண்டும். அந்நியர் வந்தால் குரைத்து, வீட்டுக்காரர் அடக்கியவுடன் அடங்கும் தாயின் குட்டி நல்லது. மூலையிலே போய் நடுங்கும் குட்டியும், தொட்ட கையையெல்லாம் கவ்வும் குட்டியும் வேண்டா. அச்சமே பிற்காலத்தில் கடியாக மாறும். திறப்புக் கோர்வை ஒன்றை நிலத்தில் போட்டால் திடுக்கிட்டு விலகி, மறுகணம் அதை முகர்ந்து பார்க்க வரும் குட்டியே ஏற்றது. எட்டு வாரம் ஆகுமுன் தாயிடமிருந்து பிரிக்கவும் கூடாது. மிகவும் பிந்தவும் கூடாது. அமெரிக்காவிலே பார் ஹாபர் என்னும் ஊரில் ஸ்கொட், புல்லர் என்னும் இரு அறிஞர்கள் நாய்க்குட்டிகளை ஆண்டுக்கணக்காய் ஆராய்ந்து 1965இல் நூல் வெளியிட்டனர். குட்டியின் மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலமே அது மனிதரோடு உறவு கொள்ளப் பழகும் காலம் என்பது அவர்கள் கண்ட உண்மை. அக்காலத்திலே மனிதர் கை படாது வளர்ந்த நாய் பின்னர் காட்டு விலங்கைப் போல ஒதுங்கியே நிற்கும். ஆகவே குட்டி வந்த முதல் வாரங்களிலே பாட்டியின் ஊன்றுகோலையும், பள்ளிப் பிள்ளைகளின் கூச்சலையும், துவிச்சக்கர வண்டியையும் அது கண்டு பழக வேண்டும்.

பெட்டைக் குட்டி வேண்டாம் என்பது நம்மவரின் பிடிவாதம். குட்டி போடும் என்ற அச்சத்தால், பெட்டைகளைச் சாக்கிலே கட்டிச் சந்தையடியிலும் கோயிலடியிலும் விட்டுவருகின்றனர். வீட்டுக் கோழிக்குஞ்சைப் பருந்து தூக்கினால் பதறுகிறவர்களே இதைச் செய்வதுதான் கொடுமை. கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்த பெட்டை நாய் ஊர் சுற்றாது, வளவிலேயே கிடக்கும். காவலுக்குக் கடுவனிலும் அதுவே சிறந்தது.

சங்கிலியைப் பற்றியும் ஒரு சொல். பகல் முழுவதும் மரத்தடியிற் கட்டிவைத்தால் நாய்க்கு வீரம் வரும் என்பர். வருவது வீரம் அன்று, வெறுப்பு. அவ்வெறுப்பு முதலில் அகப்படும் சிறு குழந்தையின் முகத்திலேயே இறங்கும். வேலியை நெருக்கமாக அடைத்து, நாயை வளவுக்குள் அவிழ்த்து விடுவதே முறை. அது தின்னும்போதும் உறங்கும்போதும் குழந்தை கிட்டப் போகாதபடி பெரியவர் எவரேனும் கண் வைத்திருக்க வேண்டும். எவ்வளவு சாதுவான நாயாயினும் இவ்விதியை விடலாகாது.

இறுதியாக விசர்நாய்க்கடி. 1973ஆம் ஆண்டில் இந்நோயினால் இலங்கையில் இறந்தவர்கள் 377 பேர். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றியதனாலும், கடியுண்டவர்களுக்கு உரிய மருந்து கிடைத்ததனாலும் இன்று அத்தொகை பத்திலொரு பங்கினும் குறைந்துவிட்டது. குறைந்தது உண்மை; ஒழிந்துவிடவில்லை. வன்னியிலே நரியும் கீரியும் உண்டு. இரவில் வேலிக்கு அப்பால் நாய் எதனோடு கடிபட்டது என்பதை விடிந்தபின் எவரும் அறியார். ஊசி ஏற்றாத காவல் நாய், வீட்டுக்குள்ளேயே இருக்கும் பகை. அரசாங்கம் இலவசமாகவே தடுப்பூசி ஏற்றுகின்றது. குட்டிக்கு முதலூசி எப்போது என்பதைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டு, அதன்பின் ஆண்டு தவறாமல் ஏற்றி, அட்டையைப் பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தோடு சேர்த்து வைத்தல் வேண்டும். எவரையேனும் நாய் கடித்துவிட்டால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். கோப்பித்தூள் அப்புவதும், பச்சிலை கட்டுவதும், நாளை பார்ப்போம் என்று இருப்பதும் உயிருக்கே உலை வைப்பவை. நோயின் குறி தோன்றிய பின்னர் காப்பாற்ற வல்ல வைத்தியர் இல்லை.

குட்டி வீட்டுக்கு வந்த முதல் இரண்டு மூன்று இரவுகள் அழும். தாய் நாய் படுத்த சாக்குத் துண்டொன்றை அயல்வீட்டிலே கேட்டு வாங்கிவந்து, விறாந்தையில் மழைச்சாரல் படாத மூலையில் போட்டுவிட்டால் அதன்மேல் சுருண்டு உறங்கிவிடும்.