சின்னாற்றுக் கரையின் மருத மரங்கள்



தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் போகும் பேருந்து பென்னாகரம் தாண்டியதும் மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்கத் தொடங்கும். அதற்குள் வண்டியில் இருப்பவர்கள் அருவி, எண்ணெய்க் குளியல், மீன் வறுவல் என்று பேச ஆரம்பித்திருப்பார்கள். சன்னலுக்கு வெளியே ஒரு பள்ளத்தாக்கு விரிந்து கிடப்பதைப் பார்க்க அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை. அருவிக்கு ஆண்டுதோறும் வந்து போகிற குடும்பங்கள்கூட சின்னாற்றைப் பாலத்தின் மேலிருந்து ஒரு பார்வை பார்த்ததோடு சரி. இன்றைய உரை அந்தச் சின்னாற்றுப் பள்ளத்தாக்கைப் பற்றியது.

சின்னாறு என்றதும் நேயர்களில் சிலருக்கு மறையூர் பக்கத்தில் இருக்கும் கேரளச் சரணாலயம் நினைவுக்கு வரலாம். அது வேறு. தருமபுரிக்காரர்களின் சின்னாறு கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தளிப் பகுதியில் பிறந்து, பஞ்சப்பள்ளி அணையில் தேங்கி, பாலக்கோடு வட்டத்து வயல்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மீதியோடு காட்டுக்குள் இறங்கி ஒகேனக்கல்லில் காவிரியைச் சேர்கிறது. ஆனாலும் இரண்டு சின்னாறுகளுக்கும் பொதுவான விலங்கு ஒன்று உண்டு. அதைப் பிறகு பார்ப்போம். இந்த உரையில் கணிசமான நேரம் அதற்குத்தான்.

பள்ளத்தாக்கின் நிலம் எப்படிப்பட்டது? பென்னாகரத்து மேட்டிலிருந்து ஒகேனக்கல் வருவதற்குள் தரை 200 மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிடும். வழியெல்லாம் பாறையும் சரளையும். மண் ஒரு முழ ஆழம் இருந்தாலே அதிகம். உசிலை, வெக்காலி, வேலம், மூங்கில் என்று வறட்சி தாங்கும் மரங்களே இங்கே நிற்கின்றன. அவற்றுள் தனித்துச் சொல்ல வேண்டியது ஆச்சா மரம். இந்தியாவின் மிகக் கனமான, மிகக் கடினமான மரங்களில் அது ஒன்று. இரண்டு சிற்றிலைகள் ஒட்டிப் பிறந்தது போன்ற இலை; ஆடு மாடுகளுக்கு அது நல்ல தழைத் தீவனம். மாசி பங்குனியில் காடு முழுக்க இலை உதிர்த்து நிற்கும்போது, பட்டுப்போன காடு என்றே புதியவர்கள் நினைப்பார்கள். கோடை மழை ஒன்று விழுந்தால் போதும், செம்பு நிறத்தில் துளிர் விட்டுவிடும்.

காலடியில் கிடக்கும் கல்லுக்கும் ஒரு பெருமை உண்டு. ஒகேனக்கல் சுற்றுவட்டாரத்தில் கார்பனடைட் என்ற அரிய பாறை இருக்கிறது. பூமியின் ஆழத்திலிருந்து மேலே வந்த, கார்பனேட் நிறைந்த குழம்பு இறுகி உண்டானது அது. அதன் வயது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள் என்று புவியியலாளர்கள் கணித்திருக்கிறார்கள். உலகத்தில் அறியப்பட்ட இவ்வகைப் பாறைகளில் மிகப் பழையவற்றின் வரிசையில் அது வருகிறது. பாறையில் வெறுங்காலோடு நடந்து அருவியைப் பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொண்டே அழைத்துப் போகலாம்.

இந்தக் காட்டுக்கு வந்து பார்த்து எழுதியவர்கள் நெடுங்காலம் குறைவாகவே இருந்தார்கள். சந்தனக் கடத்தல்காரன் வீரப்பன் நடமாடிய காலத்தில் ஆய்வாளர்கள் இங்கே கால் வைக்கவே தயங்கினார்கள். 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டதோடு அந்த அத்தியாயம் முடிந்தது. அதன் பிறகுதான் பறவைகளைப் பதிவு செய்கிறவர்களும் விலங்கியல் மாணவர்களும் காவிரிக் கரையோரம் அச்சமின்றி நடக்கத் தொடங்கினார்கள். 2022 நவம்பரில் தமிழக அரசு காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயத்தை அறிவித்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 686.40 சதுர கிலோமீட்டர் பரப்பு. தமிழ்நாட்டின் 17ஆவது சரணாலயம் அது. 35 வகைப் பாலூட்டிகள், 238 வகைப் பறவைகள் என்பது அறிவிப்பின்போது அரசு தந்த கணக்கு. ஏற்கெனவே இருந்த காவிரி வடக்குச் சரணாலயத்தையும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள கர்நாடகச் சரணாலயத்தையும் இது இணைத்துவிட்டது. யானைக்கு மாநில எல்லை தெரியாது. எல்லைக்கு இரண்டு பக்கமும் காடு தொடர்ந்து இருந்தால் அதற்குப் போதும்.

இப்போது கரைக்கு வருவோம்.

மலைச்சரிவில் நின்று கோடையில் கீழே பார்த்தால் பழுப்பும் சாம்பலுமான காட்டின் நடுவே ஒரே ஒரு பச்சைக் கோடு ஓடுவது தெரியும். அதுதான் ஆற்றங்கரை. அகலம் சில இடங்களில் நூறடிகூட இருக்காது. நீர்மருது என்கிற மருத மரம், நாவல், புங்கன், பெரும்பெரும் புளிய மரங்கள். மேட்டுக்காட்டு மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும் மாதங்களில், ஆற்று மணலுக்கு அடியில் ஓடும் ஈரத்தை வேரால் உறிஞ்சிக்கொண்டு கரை மரங்கள் நிழல் தருகின்றன. சுற்றியுள்ள காட்டின் உயிர்கள் பலவும் அந்த மாதங்களை இந்தப் பச்சைக் கோட்டை நம்பியே கழிக்கின்றன.

அந்த மரங்களின் உச்சியில் வாழ்வதுதான் சாம்பல் மலையணில். இரண்டு சின்னாறுகளுக்கும் பொதுவான விலங்கு என்று சொன்னோமே, அது இதுதான். வீட்டுத் தோட்டத்தில் ஓடும் மூன்று வரி அணிலை மனத்தில் வைத்துக்கொண்டு இதைத் தேடினால் கிடைக்காது. எடை ஒன்றரை கிலோவுக்கு மேல். உடம்பின் நீளத்துக்கு வால். சாம்பல் கலந்த பழுப்பு உரோமத்தின் நுனிகளில் வெள்ளை. நரை விழுந்ததுபோல் இருக்கும். உலகத்தில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. இதற்காகவே ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988இல் தனிச் சரணாலயம் அறிவித்தார்கள். 2021இல் மேகமலையோடு சேர்த்து அது புலிகள் காப்பகமானது. கிழக்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் காவிரிக் கரையிலும் இந்த அணில் நல்ல எண்ணிக்கையில் வாழ்கிறது என்பது வெளியுலகத்துக்குப் பிந்தித்தான் தெரியவந்தது. ஓசூர் வனக்கோட்டத்தில் அது இருப்பதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2011இல் வெளியானது.

இந்த அணிலைத் தேடிப் போகிறவர்கள் முதலில் மேலே பார்ப்பதில்லை, தரையைப் பார்க்கிறார்கள். மரத்தடியில் பாதி கடித்துப் போட்ட புளியம்பழ ஓடு, கீறித் துளைத்த மருதங்காய், நறுக்கினாற்போல் விழுந்த இளங்கொம்பு ஆகியவைதான் முதல் தடயம். பிறகு கழுத்தை நிமிர்த்தித் தேட வேண்டும். கிளைகள் பிரியும் கவட்டில் சுள்ளியும் தழையும் சேர்த்துக் கட்டிய பெரிய உருண்டைக் கூடு தெரியும். காக்கைக் கூடு என்று ஏமாந்துவிடக் கூடாது. காக்கையின் கூடு மேலே திறந்திருக்கும், இது மூடியிருக்கும். கூடு இருக்கும் மரத்தின் தலைப்பு பக்கத்து மரத்தின் தலைப்போடு உரசிக்கொண்டிருப்பதையும் கவனிக்கலாம். பருந்தோ கழுகோ வந்தால் தப்பிப் போக வழி வேண்டுமல்லவா!

நடுப்பகல் வெயிலில் அது கிளைமேல் வயிற்றை வைத்து, நாலு காலையும் இரு பக்கமும் தொங்கவிட்டுப் படுத்திருக்கும். காலையும் மாலையுமே சுறுசுறுப்பு. சாப்பிடும் அழகைப் பார்க்க வேண்டும்: பின்னங்காலால் கிளையைப் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும், வால் மறுபக்கம் கனத்துச் சமன் செய்யும், முன்னங்கைகள் இரண்டும் பழத்தைச் சுழற்றிச் சுழற்றி உரிக்கும். வானத்தில் பெரிய இறக்கையின் நிழல் தெரிந்தால் அப்படியே கிளையோடு ஒட்டி அசைவற்றுப் போய்விடும். அந்த நிலையில் இருக்கும் அணிலைத் தொலைநோக்கி வைத்துப் பார்த்தும் தவறவிட்டவர்கள் பலர்.

இது தரைக்கு இறங்குவது அரிது. மரத்துக்கு மரம் தாவியே வாழ்க்கையை நடத்துகிறது. அதனால் கரையில் நாலைந்து மரங்களை வெட்டிவிட்டால் இதன் வழி அந்த இடத்தோடு அறுந்துவிடும். அந்தப் பக்கம் உள்ள அணில்களும் இந்தப் பக்கம் உள்ள அணில்களும் சந்திக்காமலே போகும். பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டிதான். அறுந்த இடத்தில் மறுபடி பெருகி வர நெடுங்காலம் பிடிக்கும். வெட்டுவது மட்டும்தான் ஆபத்து என்றும் இல்லை. மருதம்பட்டைக்கு நாட்டு மருந்துக் கடைகளில் எப்போதும் கிராக்கி இருக்கிறது. அளவறிந்து ஒரு பக்கமாக எடுத்தால் மரம் ஆறிக்கொள்ளும். சுற்றிலும் உரித்துவிட்டால் நூறு வயது மரமும் நின்ற இடத்திலேயே பட்டுப்போகும். விட்ட இடத்தில் சீமைக்கருவேலமும் உன்னிச்செடியும் ஏறிக்கொள்கின்றன. அவற்றின் மேல் அணில் கூடு கட்டுவதில்லை.

ஆற்றில் வரும் வெள்ளம் இந்த மரங்களுக்கு உதவி செய்கிறது. மருதங்காயை எடுத்துப் பாருங்கள், ஐந்து இறக்கைகள் இருக்கும். தண்ணீரில் மிதந்து போய்க் கீழே எங்கோ ஒரு மணல்மேட்டில் ஒதுங்கி முளைக்கும். 2018 ஆகஸ்டில் ஒகேனக்கல்லில் விநாடிக்கு 2 லட்சம் கனஅடி அளவுக்குத் தண்ணீர் வந்தபோது அருவியே கண்ணுக்குத் தெரியாமல் மூழ்கியது. பரிசல் ஓட்ட முடியாமல் தவித்தவர்களுக்கு அது கடினமான காலம். அதே வெள்ளம்தான் மருத மரத்தின் அடுத்த தலைமுறைக்கு விதையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

காவிரிக்குள் எட்டிப் பார்த்தால் நீர்நாய். குடும்பமாகத்தான் திரியும். மீனை வளைத்துப் பிடித்து, பாறையில் ஏறித் தலையிலிருந்து கடித்துத் தின்னும். எச்சத்தில் மீன் செதில் மின்னுவதை வைத்தே அது எந்தப் பாறைக்கு வந்து போகிறது என்று பரிசல்காரர்கள் சொல்லிவிடுவார்கள். சதுப்புநில முதலையும் லீத் மெல்லோட்டு ஆமையும் இந்த ஆற்றில் உண்டு. திமில் உள்ள மஹசீர் மீன் காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. அழிவின் விளிம்பில் இருப்பதாக 2018இல் அது பன்னாட்டுச் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது. வெடி வைத்து மீன் பிடிப்பது சட்டவிரோதம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு வெடியில் சாவது வலைக்கு வரும் மீன் மட்டும் இல்லை, குஞ்சும் சினையும் சேர்ந்து சாகின்றன என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

யானையைப் பற்றிச் சொல்லாமல் சின்னாற்றை முடிக்க முடியாது. கோடையில் ஆறு மணலாகக் கிடக்கும்போது யானைகள் காலாலும் துதிக்கையாலும் தோண்டி ஊற்று எடுக்கின்றன. அவை குடித்துவிட்டுப் போனபின் மான், காட்டுப்பன்றி, மயில், கவுதாரி என்று வரிசையாக வந்து குடிக்கும். கேழ்வரகு கதிர் முற்றும் மாதங்களில் அதே யானைகள் காட்டு விளிம்பு வயல்களுக்கு வருகின்றன. ஒரு இரவில் ஒரு வருட உழைப்பை இழக்கும் விவசாயியின் வேதனையை யாரும் சிறிதாக எண்ணக் கூடாது. ஆனால் அதற்குத் திருட்டு மின்வேலி தீர்வாகாது. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. அவற்றோடு வந்த இரண்டு குட்டிகள் உயிர் தப்பி, செத்துக் கிடந்த யானைகளை விட்டு விலகாமல் அங்கேயே நின்றன. அதே மாதம் பென்னாகரம் பக்கம் கிணற்றில் விழுந்த ஒரு குட்டியை மீட்டு, முதுமலை தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அதுவும் மாதம் முடிவதற்குள் இறந்துவிட்டது. பயிர்ச் சேதத்துக்கு அரசு இழப்பீடு உண்டு. அது தாமதமின்றிக் கைக்கு வந்தால்தான் விவசாயி திருட்டு மின்சாரத்தை நாட மாட்டார்.

நேரம் நெருங்குகிறது. ஆனாலும் மாடு மேய்ப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆலம்பாடி மாட்டினம் இந்தக் காவிரிக் கரைக் காட்டில் உருவானது. காட்டுக்குள் பட்டி போட்டு மாடு வளர்த்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே உண்டு. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் வனப்பகுதிகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பின்னர் அந்தத் தடையைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்ற அளவில் திருத்தியது. சரணாலயம் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் பாதுகாப்பும் மேய்ச்சலும் சேர்ந்தே நடக்கும் இடங்களும் உண்டு. இங்கிலாந்தின் டார்ட்மூர் என்ற மேட்டுநிலம் 1951இல் தேசியப் பூங்காவானது. பொது மேய்ச்சல் உரிமை பெற்ற குடும்பங்களின் ஆடும் மாடும் குதிரையும் அதற்குள் இன்றும் மேய்கின்றன. நம் சட்டம் வேறு, நம் யானைக்காடு வேறு. ஆனால் ஆலம்பாடி மாட்டுக்காரர்களை உட்காரவைத்துப் பேசாமல் எடுக்கும் எந்த முடிவும் இந்தக் காட்டில் நிலைக்காது.

நேயர்களே, அடுத்த முறை ஒகேனக்கல் போகும்போது சில விஷயங்களை மனத்தில் வையுங்கள். மலைப்பாதையில் வண்டியை நிறுத்தி இறங்காதீர்கள். பொழுது சாய்ந்தபின் அந்த வழியில் யானைகள் கடக்கும். குரங்குகளுக்குத் தின்பண்டம் வீசாதீர்கள். பிளாஸ்டிக் பையை ஆற்றில் விடாதீர்கள். அருவியைப் பார்த்து முடித்ததும் கரையோரம் ஒரு மருத மரத்தடியில் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து மேலே பாருங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் வயலில் திருட்டு மின்வேலி போட்டிருப்பது தெரிந்தால் வனத்துறைக்கும் மின்வாரியத்துக்கும் சொல்லுங்கள். வேலியில் சிக்கிச் சாவது யானை மட்டும் இல்லை. இரவில் மாடு தேடிப் போகிற மனிதரும் அதே கம்பியைத்தான் மிதிக்கிறார்.