கலைச்சொல்லும் திசைச்சொல்லும்



'அணி' என்றதும் இலக்கிய அவை உவமையையும் உருவகத்தையும் எண்ணும்; 'தொடை' என்றதும் எதுகையையும் மோனையையும் எண்ணும். தமிழ்நாட்டுக் கணித ஆசிரியருக்கோ அணி என்பது எண்களை நிரையும் நிரலுமாக நிறுத்திய மேட்ரிக்ஸ். அதனை இலங்கையார் தாயம் என்பர். தமிழகத்தார் கணம் என்னும் உறுப்புத் தொகுதியை இலங்கையார் தொடை என்பர். தமிழகத்தின் திசையன், இலங்கையில் காவி.

இவற்றுள் எது சரி என்னும் வழக்கு தேவையற்றது. 1850இல் ஆங்கிலக் கணித அறிஞர் சில்வெஸ்டர் மேட்ரிக்ஸ் என்னும் சொல்லைக் கணிதத்துக்குக் கொணர்ந்தார். இலத்தீனில் அது கருப்பையைக் குறிப்பது; அணிக்கோவைகள் அதனின்று பிறப்பன என்பது அவர் கருத்து. தாயம் என்னும் சொல் தாயை நினைவூட்டுகிறது. அணி என்பதோ அணிவகுப்பை நினைவூட்டி வடிவத்தைக் காட்டுகிறது. வெக்டர் என்பதற்கு இலத்தீனில் சுமந்து செல்வது என்று பொருள். காவுதல் என்றாலும் சுமத்தலே. திசையன் என்பதோ, அளவோடு திசையும் உடையது என்னும் இலக்கணத்தைப் பெயரிலேயே சொல்லிவிடுகிறது. பொருள் ஒன்று; முகங்கள் இரண்டு.

தொல்காப்பியர் திசைச்சொல்லுக்கும் செய்யுளில் இடம் தந்தார். திரிசொல்லை ஒருபொருள் குறித்த வேறுசொல், வேறுபொருள் குறித்த ஒருசொல் என இரு வகைப்படுத்தினார். கலைச்சொல் ஆக்குவோர் இப்பகுப்பை மறத்தலாகாது. முன்னதால் பெருந்தீங்கு இல்லை. பின்னதே இடர் தருவது.

சான்று ஒன்று காண்போம். கணினியியலில் 'அர்ரே' என்பதையும் தமிழக நூல்கள் அணி என்றே வழங்குகின்றன. அது, ஒரே வகைத் தரவுகளை ஒரு பெயரின்கீழ் வரிசை எண்ணிட்டு வைக்கும் அமைப்பு. மாணவர் பெயர்களையும் அதில் அடுக்கலாம். பெயர்களைப் பெருக்க இயலுமா? கணித அணியோ பெருக்கத்தக்கது. இரண்டு நிரை மூன்று நிரல் கொண்ட அணியை, மூன்று நிரை இரண்டு நிரல் கொண்ட அணியால் பெருக்கினால், இரண்டு நிரை இரண்டு நிரல் கொண்ட அணி கிடைக்கும். எனவே எண்ணணி, தரவணி என அடைகொடுத்துப் பிரித்தல் நலம்.

1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்த பிள்ளைகள் பலர் தமிழகப் பள்ளிகளில் சேர்ந்தனர். தாயப் பெருக்கலில் தேர்ந்த ஒரு மாணவி, வினாத்தாளில் 'அணி' என்பதைக் கண்டு திகைத்தால், அவள் இழப்பது மதிப்பெண் மட்டுமன்று. தன் தாய்மொழியிலேயே தான் அயலாள் என்னும் எண்ணம் அவள் நெஞ்சில் விழுந்துவிடும். கணினியின் நிலையும் அதுவே. இரண்டும் ஒன்றெனப் பதிந்து வைக்காவிடில், அணியைத் தேடுவோர்க்குத் தாயத்தை எழுத்தளவில் தேடும் கணினி காட்டாது.

ஆதலின் இரு நாட்டுச் சொற்களையும் ஒரே வரியில் வைக்கும் அகராதி வேண்டும். பாடநூலில் ஒரு சொல் முதன்முதல் வருமிடத்தில் அதன் இணைச்சொல்லும் உடன்வரல் வேண்டும். செலவு சிறிது, பயனோ பெரிது. சொல்லால் பிரிந்தோர் பொருளால் கூடுவது தமிழுக்குப் புதிதன்று.