சர்க்யூட் போர்டு வரைய எந்த மென்பொருள்?



மின்விசிறி ரெகுலேட்டரோ, செல்போனோ, எதைத் திறந்தாலும் உள்ளே ஒரு பலகை இருக்கும். அதில் செம்புத் தடங்கள் ஓடும். அதுதான் பிசிபி, பிரின்டட் சர்க்யூட் போர்டு. இன்று இதைக் கணினியில் வரைந்து, கெர்பர் என்ற வடிவக் கோப்புகளாக்கி அனுப்பினால் தொழிற்சாலை பலகையைச் செய்து தந்துவிடும். வரைவதற்குக் காசில்லாத மென்பொருள்களும் பல உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் ஈகிள் என்ற மென்பொருளின் கதையைக் கேளுங்கள். ஜெர்மனியின் கேட்சாஃப்ட் நிறுவனம் 1988-இல் அதைக் கொண்டுவந்தது. அதன் இலவசப் பதிப்பில் இரண்டு செம்பு அடுக்குகள்தான், பலகையும் சிறியதாக இருக்க வேண்டியிருந்தது. ஆனாலும் மின்னணுவியல் ஆர்வலர்கள் ஏராளமானோர் அதில்தான் கற்றுக்கொண்டார்கள். 2016-இல் ஆட்டோடெஸ்க் அதை வாங்கியது. 2026 ஜூனோடு ஈகிளை நிறுத்தப்போவதாக 2023-இல் அறிவித்தது. பல ஆண்டுகள் சேர்த்த வரைபடங்களை எங்கே கொண்டுபோவது என்று பயனர்கள் தேட வேண்டியதாயிற்று.

ஆகவே விலையை மட்டும் பார்க்காதீர்கள். நாம் வரைந்தது பத்து வருடம் கழித்தும் திறக்குமா என்று பாருங்கள்.

அந்தக் கணக்கில் என் முதல் தேர்வு கீகேட். பிரான்சின் கிரெனோபிள் நகரில் ஜான்-பியர் ஷாராஸ் என்ற ஆசிரியர் 1992-இல் தொடங்கியது. மூலநிரல் திறந்தே இருப்பதால் யாரும் அதை மூடிவிட முடியாது. 2013 முதல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகமும் அதை வளர்க்கக் கைகொடுத்தது. இப்போது ஒரு தடத்தை இழுத்தால் வழியில் இருக்கும் மற்ற தடங்கள் தாமே விலகி இடம்விடும். 32 செம்பு அடுக்குகள் வரை வரையலாம். ஈகிள் கோப்புகளையும் திறக்கும்.

தொடக்கத்தில் சிரமம் உண்டு, மறைக்கவில்லை. சுற்றுப்படத்தில் ஒரு பாகத்துக்கு உள்ள குறியீடு வேறு, பலகையில் அது உட்காரும் ஃபுட்பிரின்ட் வேறு. இரண்டையும் நாம்தான் சரியாக இணைக்க வேண்டும். தவறினால் பலகை வந்த பிறகு ஐசி பொருந்தாது. அதனால் ஆர்டர் கொடுக்குமுன் வரைபடத்தை உள்ளது உள்ள அளவிலேயே காகிதத்தில் அச்சிட்டு, பாகங்களை அதன்மேல் வைத்துப் பாருங்கள்.

பள்ளி மாணவர்களுக்கு ஃபிரிட்ஸிங் பிடிக்கும், சோதனைப் பலகையான பிரெட்போர்டில் ஒயர் செருகுவதைப் போலவே திரையில் காட்டும். பெரிய பலகைக்கு அது போதாது. 2023-இல் முதல் முழுப் பதிப்பு கண்ட லிப்ரேபிசிபி எளிமையானது, கட்டற்றது. சீனாவின் ஈஸிஈடிஏ பிரவுசரிலேயே ஓடும், பாகம் வாங்குவதும் பலகை ஆர்டர் செய்வதும் அங்கேயே முடியும். அவசரத்துக்கு அதைவிட வசதி இல்லை. ஆனால் அது ஒரு நிறுவனத்தின் உடைமை. பயன்படுத்தினால் கோப்பின் பிரதியை உங்கள் கணினியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

பொறியியல் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐஐடி பம்பாயின் ஃபாஸி திட்டம் தரும் ஈசிம் மென்பொருள், கீகேட்டையும் சுற்றுச் சோதனை மென்பொருளான என்ஜிஸ்பைஸையும் சேர்த்து உருவானது. சுற்று வேலை செய்யுமா என்று அதில் சோதித்துவிட்டே பலகைக்குப் போகலாம். அதுவும் இலவசம், இன்றே இறக்கிப் பழகுங்கள்.