விளம்பரம் எழுதுதலும் தம்மை அறிவித்தலும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நம் சீத்தா கேம்ப் இளைஞர் சிலர் இன்று கணிப்பொறியின் முன் அமர்ந்து, தாம் கண்ணாலும் கண்டிராத கம்பெனிகளின் சோப்புக்கும் செருப்புக்கும் விளம்பர வாசகம் எழுதிப் பொருள் ஈட்டுகின்றனர். அவற்றைப் படித்தால் வாங்கவேண்டும் என்னும் ஆவல் நமக்கே பிறக்கின்றது. ஆனால் நேர்முகத்துக்கு அழைத்த அதிகாரி, "உம்மைப் பற்றிச் சொல்லும்" என்றால் அவர்களுக்கு நா எழுவதில்லை. கூலி என்ன என்று கேட்டால், "பார்த்துக் கொடுங்கள்" என்று தலை குனிகின்றனர். எழுத்தில் அவர்களினும் குறைந்தவர் இரட்டிப்பு ஊதியம் பெறுகின்றார். இது ஏன் என்று பெற்றோர் நம்மிடம் வினவுகின்றனர். வாசகம் எழுதும் திறன் வேறு, தம்மை அறிவிக்கும் திறன் வேறு என்பதே நம் விடை.

இதற்குப் பாரதியாரினும் பெரிய சான்று நம் மொழியில் இல்லை. 1904இல் சுதேசமித்திரனில் உதவியாசிரியராக அமர்ந்த நாள் முதல் பிறர் நெஞ்சை அசைக்கும் எழுத்தே அவர் தொழில். அவர் 1920இல் கடையத்தில் இருந்தபோது, தம் நூல்களை அச்சிடப் பணம் வேண்டி நண்பர்களுக்குச் சுற்றறிக்கை ஒன்று விடுத்தார். நூல்கள் 40, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள், ஆக நான்கு இலட்சம்! மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை விரைந்து விற்கும் என்று உறுதியும் கூறினார். (வீடுதோறும் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலம் அது என்பதைச் சிறுவர்கள் நினைவில் கொள்க.) இதனினும் சிறந்த விளம்பர உவமையை எவர் எழுதுவார்? ஆயினும் வேண்டிய பணம் சேரவில்லை, திட்டம் ஈடேறவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். 1949இல் சென்னை அரசு அவர் நூல்களின் உரிமையை ஏற்றது. பின்னர் எவரும் அச்சிடலாம் என்றாயிற்று. இன்று அவர் கவிதைகள் மலிவுப் பதிப்பாக எங்கும் கிடைக்கின்றன. உவமை மெய்யாயிற்று, உவமை சொன்னவருக்குத்தான் பயன்படவில்லை.

கடிதத்தில் குறையில்லை. கேட்டவரோ பத்தாண்டுக் காலம் புதுவையில் ஒதுங்கியிருந்து, 1918இல் வெளிவந்தவுடன் சிறைப்பட்டவர். பணமுடையோர் அஞ்சியிருக்கலாம், இது நம் ஊகமே. ஆனால் அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1917இல், பரலி சு. நெல்லையப்பர் அவருடைய கண்ணன் பாட்டை வெளியிட்டிருந்தார். நெல்லையப்பர் பெருஞ்செல்வர் அல்லர். எனினும் பாரதியாருக்காகப் பேச அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. பிறர் சரக்கைப் புகழும்போது நா தடையின்றி ஓடும் என்பதை நம் இளைஞர் தம் தொழிலிலேயே அறிவர்.

இனி நம் பம்பாய்ச் செய்தி ஒன்று. காசிநாதுனி நாகேசுவரராவ் பந்துலு என்னும் ஆந்திரப் பெரியார் 1893இல் இந்நகரில் அமிர்தாஞ்சனம் செய்யத் தொடங்கினார். 1914இல் தொழிலைச் சென்னைக்கு மாற்றினார். தொடக்கத்தில் இசைக் கச்சேரிகளுக்கு வந்தோர்க்கு அதனை இலவசமாகக் கொடுத்தார். தடவித் தலைவலி தீர்ந்தவனுக்கு வாசகம் எதற்கு? அவர் தம்மைப் புகழ்ந்துகொள்ளவில்லை. பொருளைப் பிறர் கையில் வைத்தார், அவ்வளவே. தம்மை அறிவிப்பது தற்பெருமை என்று நம் வீடுகளில் பிள்ளைகளுக்குக் கற்பித்துவிட்டோம். நா எழாமைக்கு அதுவும் ஒரு காரணம்.

மற்றொரு காரணமும் உண்டு. சொல்ல மனம் வருந்துகின்றது. விண்ணப்பத்தில் நம் பிள்ளைகள் சிலர் 'செம்பூர்' என்று எழுதிச் சீத்தா கேம்ப் என்னும் பெயரை மறைக்கின்றனர். 1976இல் ஜனதா காலனியிலிருந்து இங்கே பெயர்க்கப்பட்ட மக்கள் தம் கைகளால் எழுப்பிய இடம் இது. அந்த ஜனதா காலனியில் வாழ்ந்து, அதன் மக்களுக்காக வாதாடிய ஜோக்கின் அற்புதம் 2000இல் மகசேசே விருது பெற்றார். தாம் குடிசைவாசி என்பதை அவர் எங்கும் மறைத்ததில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு மாலை, வேலை தேடும் இளைஞர்கள் இருவர் இருவராகச் சங்கத்துக்கு வருக. ஒருவரைப் பற்றி மற்றவர் ஒரு பக்கம் எழுதுக: அவர் என்ன செய்தார், எவருக்குச் செய்தார், அதனால் விளைந்தது யாது என்று. செய்த வேலையின் மாதிரியும் கையோடு இருக்கட்டும். பிறகு எழுதப்பட்டவரே அப்பக்கத்தை எழுந்து நின்று உரக்கப் படிக்கவேண்டும்; முகவரியையும் சேர்த்துத்தான். காகிதமும் தேநீரும் சங்கத்தின் பொறுப்பு.